நியூசிலாந்தில் தொழில்முறை ரக்பி வீரராவது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரக்பியைப் பிழைப்பாக்கிக்கொள்ள முடியுமா என்று கேட்கும் இளைஞர்களுக்கும், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துவரும் பெற்றோருக்கும் கண்ணில் படுவது நியூசிலாந்தின் தேசிய அணியான ஆல் பிளாக்ஸின் கறுப்புச் சட்டை மட்டுமே. அந்தச் சட்டைக்கும் உள்ளூர் மைதானத்துக்கும் நடுவில் எத்தனை படிகள் இருக்கின்றன, எந்தப் படியில் சம்பளம் தொடங்குகிறது, எந்தப் படியில் பெரும்பாலானோர் நின்றுவிடுகிறார்கள் என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. நியூசிலாந்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அங்கே படிகள் தெளிவாக இருக்கின்றன. ஆக்லாந்து, ஹாமில்டன், வெலிங்டன் பகுதிகளில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் பள்ளியில் இந்த ஆட்டத்தோடுதான் வளர்கிறார்கள்.

பேசப்போவது பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனைப் பற்றி. பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் வேறு ஆட்டம். அதன் அமைப்பும் ஒப்பந்தமும் வேறு. பள்ளிப் பலகையில் 'ரக்பி' என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று கேட்டுவிடுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில் திறமையுள்ள பிள்ளைகள் ஏராளம். அவர்களில் நிலைத்து நிற்பவர்கள், டேக்கிளை (பந்தோடு ஓடிவருபவரைப் பிடித்து வீழ்த்துவதை) முறையாகக் கற்றவர்கள், தங்கள் உடலுக்கேற்ற இடத்தைப் பிடித்தவர்கள், பந்தைத் தொடாமலும் சோறு போடக்கூடிய ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்தே கைவசம் வைத்திருப்பவர்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த மூன்றைச் சுற்றியே வரும்.

முதல் படி: ஏணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

1995 ஆகஸ்டில் பாரிசில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம் ரக்பி யூனியனைச் சம்பளம் வாங்கி ஆடலாம் என்று அறிவித்தது. அதுவரை ஆல் பிளாக்ஸ் வீரர்களும் விவசாயம், தச்சு வேலை, ஆசிரியப் பணி என்று ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டே நாட்டுக்காக ஆடினார்கள். அடுத்த ஆண்டே பல நாட்டு அணிகள் ஆடும் தொழில்முறைப் போட்டியான சூப்பர் ரக்பி பிறந்தது. தொழிலாக இந்த ஆட்டத்துக்கு வயது இவ்வளவுதான்.

அடித்தட்டில் ஊர்க் கிளப்புகளும் பள்ளிகளும் இருக்கின்றன. பள்ளியின் முதன்மை அணியை 'ஃபர்ஸ்ட் ஃபிஃப்டீன்' என்பார்கள். ஆக்லாந்தில் பெரிய பள்ளிகள் மோதும் 1ஏ பிரிவு ஆட்டங்களுக்குத் தேர்வாளர்கள் குறிப்பேட்டுடன் வந்து நிற்பார்கள். அதற்கு மேலே மாகாண ரக்பி சங்கங்கள்: மொத்தம் 26. அவற்றில் 14 சங்கங்கள் என்.பி.சி. எனப்படும் தேசிய மாகாணக் கோப்பையில் ஆடுகின்றன. மற்ற 12 ஹார்ட்லேண்ட் போட்டியில் ஆடுகின்றன, அது சம்பளமில்லாத அமெச்சூர் ரக்பி. அதற்கும் மேலே சூப்பர் ரக்பியின் ஐந்து நியூசிலாந்து அணிகள்: ஆக்லாந்தின் புளூஸ், ஹாமில்டனின் சீஃப்ஸ், வெலிங்டனின் ஹரிகேன்ஸ், கிறைஸ்ட்சர்ச்சின் குருசேடர்ஸ், டனீடனின் ஹைலேண்டர்ஸ். உச்சியில் ஆல் பிளாக்ஸ்.

ஆண்டுக் கணக்கும் இதே ஏணியில்தான் ஓடுகிறது. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை சூப்பர் ரக்பி, ஜூலையில் நாடுகள் மோதும் டெஸ்ட் ஆட்டங்கள், ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை மாகாணக் கோப்பை. சூப்பர் அணியில் இடம் கிடைக்காத ஒருவர் மாகாணக் கோப்பையில் ஒளிர்ந்தால், அடுத்த பிப்ரவரியில் அவருக்கு இடம் திறக்கலாம். பெரும்பாலான வீரர்களின் முதல் வாய்ப்பு இந்த வழியாகத்தான் வருகிறது. பிள்ளை மாகாண அகாடமிக்குள் நுழைவதையே முதல் இலக்காக வையுங்கள்.

பெண்களுக்கான ஏணியும் இப்போது முழுதாக நிற்கிறது. ஃபாரா பாமர் கோப்பை மாகாண மட்டம். 2022இல் தொடங்கிய சூப்பர் ரக்பி அவுபிகி அதற்கு மேல். உச்சியில் தேசிய அணியான பிளாக் ஃபெர்ன்ஸ். அந்த ஆண்டு நவம்பரில் ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் 42,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் இங்கிலாந்தை 34–31 என்று வென்று அவர்கள் உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். மகளை வைத்துக்கொண்டு தயங்கும் பெற்றோர் அந்த ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களையாவது பாருங்கள். ஆண்களைவிடச் சம்பளம் இன்னும் குறைவு என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள்.

இரண்டாம் படி: கிளப்பில் சேருங்கள்

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ரிப்பா ரக்பி என்ற ஆட்டம் இருக்கிறது. இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையைப் பிடுங்கினால் டேக்கிள் ஆனதாகக் கணக்கு. யாரும் யாரையும் வீழ்த்துவதில்லை. எட்டு வயது வாக்கில்தான் உண்மையான டேக்கிள் தொடங்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வந்து சேர்ந்தாலும் தாமதமில்லை. தாமதமாக வருபவர்களுக்கு டேக்கிளைச் சொல்லித்தரக் கூடுதல் நேரம் கேளுங்கள். அதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நம் வீடுகளில் அடிக்கடி எழும் அச்சம் ஒன்று உண்டு: "நம் பையன் ஒல்லி, அந்தப் பெரிய பையன்களுக்கு நடுவே நசுங்கிவிடுவான்." நியாயமான அச்சம்தான். பசிபிக் தீவுக் குடும்பத்துப் பதின்மூன்று வயதுச் சிறுவன் நம் வீட்டுச் சிறுவனைப்போல் ஒன்றரை மடங்கு எடை இருக்கலாம். இதற்காகவே ஆக்லாந்து போன்ற இடங்களில் வயதோடு எடையையும் பார்த்துப் பிரிக்கும் பிரிவுகள் இருக்கின்றன. பெரியவர்களுக்கும் 85 கிலோவுக்கு உட்பட்டோர் பிரிவு உண்டு. அதற்கென்று 2020இலிருந்து தேசியக் கோப்பையே நடக்கிறது. கிளப்பில் பெயர் கொடுக்கும்போது எடைப் பிரிவு இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பல்காப்பு கட்டாயம். கடையில் கிடைக்கும் மலிவான ரகம் வளரும் வாய்க்குப் பொருந்தாது. பல் மருத்துவரிடம் அச்செடுத்துச் செய்துகொள்வது நல்லது. காலணியில் ஆணிகள் கூர்மையாகத் தேய்ந்திருந்தால் நடுவர் ஆட விடமாட்டார். வேறு செலவு அதிகமில்லை.

மூன்றாம் படி: உங்கள் உடலுக்கேற்ற எண்ணைத் தேடுங்கள்

ரக்பியில் முதுகில் இருக்கும் எண்தான் வேலை. 1 முதல் 8 வரை முன்வரிசையார். 9 முதல் 15 வரை பின்வரிசையார்.

1, 3 புராப்கள். ஸ்க்ரம்மில் (இரு அணிகளிலும் எட்டு எட்டுப் பேர் பிணைந்து பந்துக்காகத் தள்ளும் போட்டி) எதிரணியின் மொத்தத் தள்ளலையும் கழுத்திலும் தோளிலும் தாங்குபவர்கள். தொழில்முறையில் இவர்களில் பலர் 115 கிலோவுக்கு மேல். 2 ஹூக்கர், ஸ்க்ரம்மின் நடுவே நின்று பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவர், லைன்-அவுட்டில் (பந்து பக்கக் கோட்டைத் தாண்டியபின் இரு அணியினரும் வரிசையாக நின்று, எறியும் பந்தை எம்பிப் பிடிப்பது) பந்தை எறிபவரும் அவரே. 4, 5 லாக்குகள், உயரமானவர்கள். 6, 7 ஃபிளாங்கர்கள், 8 நம்பர் எயிட்: இவர்கள் மூவரும் ஓட்டத்திலும் டேக்கிளிலும் தேய்பவர்கள். 9 ஹாஃப்பேக், ஒவ்வொரு ரக்கிலிருந்தும் (தரையில் கிடக்கும் பந்துக்கு மேலே இரு அணியினரும் முட்டித் தள்ளும் இடம்) பந்தைப் பிரித்தெடுத்து வீசுபவர். 10 ஆட்டத்தை நடத்துபவர், நியூசிலாந்தில் 'ஃபர்ஸ்ட் ஃபைவ்' என்பார்கள். 12, 13 நடுத் தடுப்பு. 11, 14 விங். 15 ஃபுல்பேக்: வேகமும் உயரப் பந்தைப் பிடிக்கும் துணிச்சலும் இவர்களுக்கு வேண்டும்.

ஒல்லியான, சுறுசுறுப்பான பிள்ளைக்கு 9, 10, விங், ஃபுல்பேக் ஆகிய இடங்கள் திறந்தே இருக்கின்றன. ஆரோன் ஸ்மித்தின் உயரம் 171 சென்டிமீட்டர்தான். ஆல் பிளாக்ஸ் அணியின் ஹாஃப்பேக்காக 125 டெஸ்ட் ஆடினார். அவருடைய பாஸ் தரையிலிருந்து ஒரே அசைவில் கிளம்பும். பந்தைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, பிறகு வீசும் வழக்கம் அவரிடம் இல்லை. அந்த அரை நொடியை மிச்சம் பிடித்துக் கொடுப்பதால் அடுத்தவருக்கு ஓட இடம் கிடைக்கிறது. 9ஆம் எண்ணுக்கு ஆசைப்படும் பிள்ளை சுவரில் ஓர் இலக்கை வரைந்து, தரையில் கிடக்கும் பந்தை இடது பக்கமும் வலது பக்கமும் சம எண்ணிக்கையில் வீசிப் பழகட்டும். பலவீனமான கைப்பக்கத்தில் தடுமாறும் ஹாஃப்பேக்கை எதிரணி முதல் கால் மணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

கனமான உடல்வாகு உள்ள பிள்ளையை வேகமில்லை என்று ஒதுக்காதீர்கள். நல்ல 3ஆம் எண் புராப்புக்கு உலகமெங்கும் தட்டுப்பாடு. முதிர்ச்சி வர நெடுங்காலம் பிடிக்கும் இடம் அது, வந்துவிட்டால் முப்பது தாண்டியும் ஒப்பந்தம் கிடைக்கும். ஆனால் பயிற்சி பெறாத ஒருவரை ஸ்க்ரம்மின் முதல் வரிசையில் (1, 2, 3) ஒருநாளும் நிறுத்தக்கூடாது. 'ஆள் வரவில்லை, இன்று மட்டும் நீ புராப்பாக நில்' என்று பயிற்சியாளர் சொன்னால், மாட்டேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஸ்க்ரம் சரிந்தால் பாதிக்கப்படுவது கழுத்து.

நான்காம் படி: டேக்கிள்

இந்தப் படியில் நிதானமாக நிற்கப்போகிறேன். தொழில் தொடங்குவதும் முடிவதும் இங்கேதான்.

உலக ரக்பி அமைப்பு 'டேக்கிள் ரெடி' என்ற இலவசப் பாடத்தை இணையத்தில் வைத்திருக்கிறது. டேக்கிளை அது ஐந்து கட்டமாகப் பிரிக்கிறது: எதிராளியைப் பின்தொடர்தல், தயாராதல், தொடுதல், உந்துதல், முடித்தல். பெரும்பாலான தவறுகள் நடப்பது முதல் இரண்டில். ஓடிவருபவரைப் பார்த்துக்கொண்டே நிற்கும் சிறுவன் கடைசி நொடியில் கையை நீட்டுகிறான். கை நழுவுகிறது அல்லது தலை தவறான பக்கம் போகிறது.

சரியான டேக்கிளை அருகிலிருந்து பார்த்தால் இப்படி இருக்கும். தடுப்பவர் வேகமாக நெருங்கி, கடைசி இரண்டு மூன்று எட்டுகளைக் குட்டையாக்குகிறார். இடுப்பு தாழ்கிறது, முதுகு நேராக இருக்கிறது, மோவாய் மார்பிலிருந்து விலகி நிமிர்ந்திருக்கிறது. கண், பந்தின் மேலோ எதிராளியின் முகத்தின் மேலோ இல்லை. அவருடைய தொடையின் மேல் இருக்கிறது. தோள் தொடையில் படும்போது தடுப்பவரின் கன்னம் எதிராளியின் பிட்டத்தின் ஓரமாக ஒட்டியிருக்கும். தலை ஒருபோதும் அவர் ஓடும் பாதையின் குறுக்கே இருக்காது. இரு கைகளும் பூட்டிக்கொள்கின்றன. கால்கள் நிற்காமல் உந்துகின்றன. விழும்போது மேலே இருப்பவர் தடுத்தவர்.

தலை எந்தப் பக்கம் என்ற இந்த ஒரு கேள்விக்கு ஆயிரம் முறை உடல் சரியாகப் பதில் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். முழங்காலில் நின்று மெதுவாக, பிறகு நடந்து, பிறகு ஓடி என்று கட்டம் கட்டமாகப் பழக்கும் பயிற்சியாளரைத் தேடுங்கள். முதல் நாளே ஓடவிட்டு மோதச் சொல்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

உயரமான டேக்கிள் என்ன செய்யும் என்பதற்கு 2023 அக்டோபர் 28ஆம் தேதி பாரிசில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டமே சாட்சி. ஆல் பிளாக்ஸ் தலைவர் சாம் கேன், தென்னாப்பிரிக்காவின் ஜெஸ்ஸி கிரியலை நிமிர்ந்த நிலையில் டேக்கிள் செய்ய, தோள் தலையில் பட்டது. முதலில் மஞ்சள் அட்டை; காணொளியை மறுபடி பார்த்த அதிகாரிகள் அதைச் சிவப்பாக்கினார்கள். ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் வீரர் அவர். பதினான்கு பேராக ஆடிய நியூசிலாந்து 12–11 என்று ஒரே புள்ளியில் தோற்றது. கேன் அனுபவமற்றவர் அல்லர். 2018இல் ஆட்டத்தில் கழுத்தெலும்பு முறிந்து, மறு ஆண்டே மீண்டு வந்த மன உறுதிக்காரர். அவருக்கே இடுப்பு தாழாத அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. கிளப் மட்டத்தில் நியூசிலாந்து இப்போது டேக்கிளை நெஞ்செலும்புக்குக் கீழே இறக்கச் சொல்கிறது. சிறுவயதிலேயே தாழப் பழகியவர்களுக்கு இதனால் ஒரு சிரமமும் இல்லை.

ஐந்தாம் படி: மூச்சுத் திறன்

அகாடமிக்குள் நுழைந்ததும் உங்களை ஓடவைக்கும் சோதனைக்குப் பெயர் பிராங்கோ. மைதானத்தில் 0, 20, 40, 60 மீட்டரில் கூம்புகளை வையுங்கள். 20க்கு ஓடித் திரும்புங்கள், 40க்கு ஓடித் திரும்புங்கள், 60க்கு ஓடித் திரும்புங்கள். இது ஒரு சுற்று, 240 மீட்டர். இடைவெளி இல்லாமல் ஐந்து சுற்று. மொத்தம் 1200 மீட்டர். 2020இல் ஆல் பிளாக்ஸ் வீரர் பியூடன் பாரெட் புளூஸ் அணியில் இதை 4 நிமிடம் 12 நொடியில் முடித்தார். பின்வரிசை இடத்துக்கு முயலும் இளைஞர் ஐந்து நிமிடத்துக்குள் வருவதை முதல் குறியாக வைக்கலாம். நான்கு கூம்பும் ஒரு கடிகாரமும் போதும், கட்டணம் இல்லை. மாதம் ஒருமுறை ஓடி நேரத்தைக் குறித்து வையுங்கள்.

எடைத் தூக்கலில் அவசரம் வேண்டாம். பதினைந்து வயதில் பளுவின் அளவைவிடத் தூக்கும் முறை முக்கியம். கழுத்துத் தசைகளுக்கான பயிற்சியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பள்ளிப் பயிற்சிக்கூடங்களில் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

உணவைப் பொறுத்தவரை, இட்லியும் பருப்பும் முட்டையும் மீனும் ரக்பி வீரரை வளர்க்கப் போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அளவுதான் கூட வேண்டும். புரதப் பொடி டப்பாக்களில் எச்சரிக்கை தேவை. தடைசெய்யப்பட்ட பொருள் உடலில் இருந்தால், தெரியாமல் உண்டேன் என்ற பதில் ஊக்கமருந்து விதிகளின் முன் எடுபடாது. ஆய்வகத்தில் தொகுதி தொகுதியாகச் சோதித்தது என்ற முத்திரை இல்லாத எதையும் வாயில் போடாமலிருப்பதே பாதுகாப்பு.

ஆறாம் படி: தேர்வாகாத ஆண்டை ஆடுவது

பதினேழு வயதில் நியூசிலாந்துப் பள்ளிகள் அணிக்கோ, இருபதுக்குட்பட்டோர் அணிக்கோ பெயர் வராவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்களுக்கு ஸ்டீபன் டொனால்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2011 உலகக் கோப்பை நியூசிலாந்திலேயே நடந்தது. டொனால்ட் அணியில் இல்லை. முந்தைய ஆண்டு ஹாங்காங்கில் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு பழி முழுவதும் அவர்மேல் விழுந்திருந்தது. போட்டியின் நடுவே முதல் 10ஆம் எண்ணான டேன் கார்ட்டருக்குப் பயிற்சியில் தொடையிடுக்கில் காயம். அடுத்த கோலின் ஸ்லேடுக்குக் காலிறுதியில் காயம். டொனால்டுக்கு அழைப்பு போனபோது அவர் வைக்காட்டோ ஆற்றில் வைட்பெய்ட் என்ற பொடிமீன் பிடித்துக்கொண்டிருந்தார். அக்டோபர் 23ஆம் தேதி, ஈடன் பார்க்கில் பிரான்சுக்கு எதிரான இறுதியாட்டத்தின் முதல் பாதியிலேயே மூன்றாமவரான ஆரோன் குருடனின் முழங்காலும் மடங்கியது. நான்காம் தேர்வான டொனால்ட், உடம்பைப் பிடிக்கும் சட்டையோடு உள்ளே வந்தார். இரண்டாம் பாதியில் ஒரு பெனால்டி, உதைத்தார், மூன்று புள்ளி. நியூசிலாந்து வென்றது 8–7.

இதை அதிர்ஷ்டக் கதையாகப் படிக்காதீர்கள். பல பருவங்களாக வைக்காட்டோ மாகாண அணிக்காகவும் சீஃப்ஸுக்காகவும் உதைத்து உதைத்துப் பழகிய கால் அது. அணியில் பெயர் இல்லாததால் அந்தப் பழக்கம் காலை விட்டுப் போய்விடவில்லை. பட்டியலில் பெயர் வராத ஆண்டில் செய்ய வேண்டியவை இவை: கிளப்பின் மூத்தோர் அணியில் இறங்கி, பெரியவர்களோடு மோதி ஆடுங்கள். உங்கள் ஆட்டக் காணொளியைத் தொகுத்து வையுங்கள். டிரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவது) அடித்ததை மட்டும் வெட்டி ஒட்டாமல், ஓர் ஆட்டத்தின் முழு எண்பது நிமிடமும் தாருங்கள். பந்து இல்லாத நேரத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், விழுந்தபின் எவ்வளவு விரைவாக எழுகிறீர்கள் என்பதைத்தான் தேர்வாளர் பார்க்க விரும்புவார். மாகாணப் பயிற்சியாளரிடம் போய், 'என்னிடம் என்ன குறை' என்று கேட்டு, அவர் சொன்னதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: ஒப்பந்தம்

சூப்பர் ரக்பியில் முழுநேர ஒப்பந்தத்தின் அடித்தட்டுச் சம்பளம் ஆண்டுக்கு 75,000 நியூசிலாந்து டாலர் அளவில் இருந்து வந்திருக்கிறது. நல்ல சம்பளம்தான், ஆனால் ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ மட்டும். மாகாணக் கோப்பை ஒப்பந்தம் இதைவிடச் சிறியது, சில மாதங்களுக்கானது. மீதி மாதங்களுக்கு வேறு வேலை பார்த்தே ஆகவேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் ரக்பி வீரர் சங்கத்தைத் தொடர்பு கொள்ளுங்கள். வீரர்களுக்கான கூட்டு ஒப்பந்தத்தைப் பேசி முடிப்பது அந்தச் சங்கம்தான்; முகவர்களுக்கு அங்கீகாரம் கொடுப்பதும் அதுவே. அங்கீகாரம் இல்லாத முகவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் விலகி நில்லுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள்: காயம்பட்டு ஆட முடியாத காலத்தில் சம்பளம் எத்தனை மாதம் தொடரும்? அறுவை சிகிச்சைக்கு யார் பொறுப்பு? படிப்புக்கு வாரத்தில் நேரம் உண்டா? ஒப்பந்தம் நடுவில் முறிந்தால் என்ன கிடைக்கும்?

வெளிநாட்டுப் பணம் பெரிது. பிரான்சின் டாப் 14, ஜப்பானின் லீக் ஒன் ஆகியவை நியூசிலாந்தால் தரமுடியாத தொகையைத் தருகின்றன. நியூசிலாந்து ரக்பியோடு ஒப்பந்தத்தில் இருப்பவர்களையே ஆல் பிளாக்ஸுக்குத் தேர்ந்தெடுப்பது நெடுநாளைய கொள்கை என்பதால், போவது என்று முடிவெடுத்தால் கறுப்புச் சட்டைக் கனவை மூட்டை கட்ட வேண்டியிருக்கும். மிகச் சிலருக்கு மட்டும் ஓராண்டு விடுப்பில் ஜப்பான் சென்று திரும்பும் சலுகை கிடைக்கிறது. இருபத்தைந்து வயதுக்குள் ஆல் பிளாக்ஸ் வட்டாரத்தில் பெயர் அடிபடாவிட்டால், வெளிநாட்டு வாய்ப்பைத் தள்ளிப்போடக் காரணம் இல்லை என்பது என் கருத்து.

போகும் கிளப்பின் கணக்கு வழக்கையும் விசாரியுங்கள். இங்கிலாந்தில் 2022இல் வூஸ்டர், வாஸ்ப்ஸ் ஆகிய இரண்டு முதல்நிலை கிளப்புகள் கடனில் மூழ்கின. மறு ஆண்டு லண்டன் ஐரிஷும் போனது. நடுப் பருவத்தில் சம்பளம் நின்று, வீட்டு வாடகையோடும் குழந்தைகளோடும் வீரர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் ரெபல்ஸ் 2024 பருவத்தோடு முடிந்தது. பழம்பெரும் பெயர் என்பது உத்தரவாதம் ஆகாது.

எட்டாம் படி: ஒரு வாரம் எப்படிப் போகும்

சனிக்கிழமை ஆட்டம். ஞாயிறு உடம்பு பேசும் நாள். படுக்கையிலிருந்து எழுவதே மெதுவாகத்தான். திங்கள் காணொளி ஆய்வு, இலகுவான பயிற்சி. செவ்வாய்தான் கடினம்: ஸ்க்ரம், லைன்-அவுட், மோதல் பயிற்சி எல்லாம் அன்றே. புதன் விடுமுறை. வியாழன் முழு வேகத்தில் ஆட்டத் திட்டம். வெள்ளி அணித்தலைவர் நடத்தும் குறுகிய ஒத்திகை. சனி மறுபடியும் ஆட்டம். பிப்ரவரியிலிருந்து இப்படியே.

அந்தப் புதன்கிழமையைப் பத்திரப்படுத்துங்கள். எதற்கு என்று கடைசிப் படியில் சொல்கிறேன்.

ஒன்பதாம் படி: தலையைக் காப்பாற்றுங்கள்

தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் எழுந்தால் தொழில்முறை ஆட்டத்தில் வீரரை வெளியே அழைத்துச் சென்று 12 நிமிடச் சோதனை செய்கிறார்கள். கிளப் ஆட்டத்தில் அப்படிச் சோதனை இல்லை. நடுவர் நீல அட்டை காட்டினால் அன்று ஆட்டம் முடிந்தது. குறைந்தது 21 நாள் ஓய்வு, பிறகு மருத்துவர் அனுமதி. அந்த 21 நாளில் முக்கியமான ஆட்டம் வருகிறது என்று பயிற்சியாளரோ பெற்றோரோ குறுக்கு வழி தேடினால், தேடுபவர் பிள்ளையின் நலனை எண்ணவில்லை.

ஏன் இவ்வளவு கடுமை? ஆல் பிளாக்ஸ் புராப்பாக இருந்த கார்ல் ஹேமனுக்கு 41 வயதில் மறதிநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அவரே அதைப் பொதுவில் சொன்னார். 2003இல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை வென்ற ஹூக்கர் ஸ்டீவ் தாம்ப்சனுக்கு, அந்த இறுதியாட்டம் ஆடியதே நினைவில் இல்லை. பயிற்சியில் மோதலைக் குறைப்பது, அடியை மறைக்காமல் சொல்வது ஆகிய இரண்டும் வீரரின் கையில் இருப்பவை. தலைவலி, வெளிச்சம் கூசுதல், தூக்கம் கெடுதல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவற்றை வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். அம்மா, அப்பா, மனைவி யாராக இருந்தாலும் அணி மருத்துவரிடம் நேராகச் சொல்லலாம், காட்டிக்கொடுத்ததாக ஆகாது.

மற்றக் காயங்களுக்கு நியூசிலாந்தில் ஏ.சி.சி. என்ற அரசு விபத்து ஈட்டுறுதி இருக்கிறது. யார் தவறு என்று பார்க்காமல் சிகிச்சைக்கு உதவும். வேலைக்குப் போகமுடியாமல் ஆனால் வாராந்தர வருமானத்தில் 80 விழுக்காடு வரை கிடைக்கும். காயம்பட்ட உடனே மருத்துவரிடம் பதிவு செய்துவிடுங்கள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட காயத்துக்குச் சான்று தேடுவது கடினம்.

பத்தாம் படி: இரண்டாவது கைத்தொழில்

ஆரோன் ஸ்மித் ரக்பிக்கு முன் முடிதிருத்தும் தொழில் பழகியவர். ஆல் பிளாக்ஸின் நடுத் தடுப்பாக 2011, 2015 இரண்டு உலகக் கோப்பைகளையும் வென்ற கான்ராட் ஸ்மித் சட்டம் படித்து முடித்தவர். ஓய்வுக்குப் பிறகு வீரர்களின் நலனுக்கான சர்வதேசச் சங்கப் பணிக்குப் போனார். இவர்கள் உச்சியைத் தொட்டவர்கள். சூப்பர் ரக்பியில் மூன்று பருவம் ஆடி, இருபத்தாறு வயதில் முழங்கால் போய் வீடு திரும்பும் வீரருக்கு இது இன்னும் அவசியம்.

நியூசிலாந்தில் ஒவ்வொரு தொழில்முறை அணியிலும் வீரர் மேம்பாட்டு அலுவலர் ஒருவர் இருக்கிறார். படிப்பு, தொழிற்பயிற்சி, பணத் திட்டம் ஆகியவற்றுக்கு உதவுவதுதான் அவர் வேலை. முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். மின்பணி, தச்சு, கணக்கியல், ஆசிரியப் பயிற்சி, உடலியக்க மருத்துவம் என்று எதுவானாலும், புதன்கிழமைகளில் ஒன்றிரண்டு பாடமாகச் சேர்த்தால் ஐந்தாறு ஆண்டில் சான்றிதழ் கைக்கு வரும். நம் குடும்பங்களில் 'படிப்பா, ஆட்டமா' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அந்தச் சண்டைக்குத் தேவையே இல்லாதபடிதான் இங்கே வாரத்தை வகுத்திருக்கிறார்கள்.

நியூசிலாந்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு

இலங்கையில் பள்ளி ரக்பிக்கு வேர் ஆழம். கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் மோதும் பிராட்பி கேடயம் 1945இலிருந்து நடக்கிறது. மூத்தோர் லீகில் தரைப்படை, கடற்படை, விமானப்படை, காவல்துறை அணிகள் ஆடுவதால், அந்தப் பணிகளில் சேர்ந்து ஆடுவதும் ஒரு வழி. இந்தியாவில் 2025 ஜூனில் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் தொடங்கியது; முதல் கோப்பையைச் சென்னை புல்ஸ் வென்றது. அது எழுவர் ஆட்டம். பதினைவர் ஆட்டத்துக்குப் போக விரும்பும் வேகமான ஆட்டக்காரருக்கு நல்ல நுழைவாயில், ஆனால் ஸ்க்ரம்மையும் நீண்ட ரக் ஆட்டத்தையும் தனியாகக் கற்க வேண்டியிருக்கும்.

வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்து அந்த நாட்டின் அணிக்காக ஆட நினைப்பவர்கள் ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியரில் ஒருவரோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அங்கேயே தொடர்ந்து 60 மாதம் ரக்பி ஆடிப் பதிவாகியிருக்க வேண்டும். முன்பு 36 மாதமாக இருந்தது. பதினெட்டு வயதில் படிக்க வருபவர் இருபத்துமூன்றில்தான் தகுதி பெறுவார். விசா, கல்விக் கட்டணம், கிளப் பதிவு மூன்றையும் இந்தக் கணக்கை வைத்தே திட்டமிடுங்கள். கிளப் பதிவை முதல் பருவத்திலேயே எழுத்துப்பூர்வமாக முடித்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.